பல்வலி பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழி

2020 ஏப்ரல் கடைசியில் ஒரு விடியற்காலை. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சித்தி மகன் போனில் அழைத்தான். “அண்ணே, அம்மாவால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருக்கிறாள். எச்சிலைக்கூட விழுங்காமல் துண்டில் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்” என்றான். சித்தியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுவது போல ஒரு குரல் வந்தது. சித்திக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. உடனே 108-ஐக் கூப்பிடு, அம்மாவைப் படுக்க வைக்காதே, உட்கார்ந்தபடியே கூட்டிக்கொண்டு வா என்றேன்.

நான் பாளையங்கோட்டையில் பல் மருத்துவம் பார்க்கிறவன். அதற்கு நான்கு நாள் முன்பு சித்திக்குப் பல்வலி என்று தெரிந்தபோது போனிலேயே மாத்திரை சொன்னதும் நான்தான். கிளினிக் பூட்டிக் கிடந்தது, பஸ் ஓடவில்லை, அந்த நேரத்தில் வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. அந்த நான்கு நாளில் சித்தியின் தாடைக்குள் என்ன நடந்தது, நுரையீரலைத் தாக்கும் ஒரு பெருந்தொற்று பல்வலியை எப்படி இவ்வளவு தூரம் கொண்டுபோய்விடுகிறது என்பதை மருத்துவம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி எழுதவே இந்தக் கட்டுரை.

முதலில் பல்லைப் பார்ப்போம். வெளியே தெரியும் வெள்ளைப் பகுதி எனாமல். நம் உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். அதற்குள் டென்டின் என்ற மஞ்சளான அடுக்கு. நடுவில், நரம்பும் ரத்தக் குழாயும் நிறைந்த மென்மையான பற்கூழ். சொத்தைப் பல்லைப் பூச்சி அரித்த பல் என்கிறோம், ஆனால் அங்கே பூச்சி எதுவும் கிடையாது. வாயில் எப்போதும் இருக்கும் பாக்டீரியாக்கள் நாம் சாப்பிடும் சர்க்கரையை அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது. ஓட்டை டென்டினைத் தாண்டிப் பற்கூழைத் தொட்டதும் வலி தொடங்குகிறது. மற்ற இடத்தில் புண் வந்தால் சதை வீங்க இடம் இருக்கும். பற்கூழ் கல்லறை போன்ற ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது. வீங்க இடமில்லாமல் நரம்பு நசுங்குவதால்தான் இரவில் படுத்தவுடன் அது விண்விண் என்று தெறிக்கிறது.

சில நாளில் வலி திடீரென்று நின்றுவிடும். ‘கிராம்பு வைத்தேன், சரியாகிவிட்டது’ என்று வருகிறவர்கள் சொல்வார்கள். கிராம்பு எண்ணெய் வலியைக் கொஞ்சம் மரக்கச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அங்கே நடந்திருப்பது, பற்கூழ் செத்துப்போனது. நரம்பு செத்தால் வலி இல்லை. கிருமிகள் சாகவில்லை. அவை வேரின் நுனி வழியாக இறங்கித் தாடை எலும்புக்குள் சீழ் கட்டத் தொடங்குகின்றன. வலி நின்ற அந்த இடைவெளியில்தான் நம் ஊரில் பாதிப் பேர் மருத்துவரை மறந்துபோகிறார்கள்.

குளமும் மறுகாலும்

எலும்புக்குள் சேர்ந்த சீழ் அங்கேயே இருக்காது. எந்தப் பக்கம் எலும்புச் சுவர் மெலிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் உடைத்துக்கொண்டு வரும். ஈறுப் பக்கம் உடைத்தால் ஈறில் ஒரு கொப்புளம் தோன்றி, அடிக்கடி சீழ் கசியும். நாற்றமும் அசௌகரியமும் இருக்கும், உயிருக்கு ஆபத்து அதிகமில்லை. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களின் கதை வேறு. அங்கே உள்பக்கத்து எலும்பு மெலிதாக இருக்கும். வேரின் நுனியோ, வாயின் தரையாக விரிந்திருக்கும் தசை எலும்பில் ஒட்டும் கோட்டுக்கும் கீழே இறங்கியிருக்கும். எனவே சீழ் வாய்க்குள் வராமல் தாடைக்கு அடியில், கழுத்தின் மேல்பகுதியில் இறங்குகிறது. கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. தாடைக்குக் கீழே தொட்டால் தெரியும்.

இனி நடப்பதைப் புரிந்துகொள்ளத் திருநெல்வேலிக்காரர்களுக்குப் படம் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் மேலக்குளம் பெருகி மறுகால் பாயும். அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த குளம். தண்ணீர் இல்லாத கோடையில் பார்த்தால் இவை ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்றே தெரியாது. முகத்திலும் கழுத்திலும் தசைகளுக்கு இடையே மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. சவ்வுக்கும் சவ்வுக்கும் நடுவே, நல்ல உடம்பில் ஒட்டிக் கிடக்கும் இடைவெளிகள் இருக்கின்றன. நாவுக்குக் கீழே ஒன்று, தாடைக்குக் கீழே ஒன்று, மோவாய்க்குக் கீழே ஒன்று, தொண்டைக்குப் பக்கவாட்டில் ஒன்று. எல்லாம் வறண்ட குளங்கள். சீழ் வந்தால் ஒன்று நிறைந்து மற்றொன்றுக்கு மறுகால் பாயும். கடைசிக் குளம் நெஞ்சுக்கூட்டுக்குள், இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நாவுக்கும் தாடைக்கும் மோவாய்க்கும் கீழே உள்ள இடங்கள் இரண்டு பக்கமும் சேர்ந்து வீங்கிவிட்டால், வாயின் தரை பலகை போல விறைத்து, நாக்கு மேலேயும் பின்னாலேயும் தள்ளப்படும். மூச்சுப் பாதை அடைபடும். 1836-இல் வில்ஹெல்ம் பிரெடரிக் வான் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரிலேயே லுட்விக் ஆஞ்சைனா என்று இன்றும் வழங்குகிறது. பெனிசிலின் வருவதற்கு முந்திய காலத்தில் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. இன்று நேரத்துக்கு வந்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். சித்தியால் படுக்க முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான். படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். உடம்பு தானாகவே உட்கார்ந்துகொள்கிறது.

(மேல்வரிசைப் பற்களின் சீழ் கன்னத்துக்கும் கண்ணுக்கும் ஏறும். முகத்து ரத்தக் குழாய்கள் மூளையின் அடிப்பகுதியோடு தொடர்புள்ளவை என்பதால், கண் இமை வீங்கினால் அதையும் அவசரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.)

மாத்திரை ஏன் போதாது என்பதும் குளத்தை வைத்தே விளங்கும். ஆன்டிபயாட்டிக் ரத்தத்தின் வழியாகத்தான் போக முடியும். சீழ்க் குட்டைக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, செத்த பற்கூழுக்குள்ளும் கிடையாது. மருந்து கரையை மட்டும் பலப்படுத்துகிறது. தண்ணீர் வடிய வேண்டுமானால் மடையைத் திறந்தாக வேண்டும். அதாவது பல்லைப் பிடுங்க வேண்டும், அல்லது வேர்க்குழாயைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், சீழ் கட்டியிருந்தால் கீறி வடிக்க வேண்டும். ஆரம்பத்தில் செய்தால் மரத்துப்போகும் ஊசி ஒன்று, கால்மணி நேர வேலை.

ஊரடங்கு எந்தக் கதவுகளை மூடியது

உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று 2020 மார்ச் 11 அன்று சொன்னது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பல் கிளினிக்குகள் ஏன் முதல் வரிசையில் மூடப்பட்டன என்றால், ஏரோட்டர் என்று நாங்கள் சொல்லும் எந்திரம்தான் முக்கியக் காரணம். பல்லைக் குடையும் அந்தச் சின்ன முனை நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். சூடு ஏறாமல் இருக்கத் தண்ணீரைப் பீய்ச்சும். அந்தத் தண்ணீர் நோயாளியின் எச்சிலோடு கலந்து கண்ணுக்குத் தெரியாத சாரலாக அறை முழுக்கப் பரவும். எச்சிலில் வைரஸ் இருந்தால் அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. அவசரச் சிகிச்சை தவிர மற்றதை நிறுத்துங்கள் என்று சொன்னதில் நியாயம் இருந்தது.

ஆனால் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் அந்த எந்திரம் தேவையே இல்லை. கொறடு போதும். சீழைக் கீறி வடிக்கவும் எந்திரம் வேண்டாம். சாரலைக் கிளப்பும் வேலையையும் கிளப்பாத வேலையையும் பிரித்துப் பார்க்க அந்த முதல் வாரங்களில் எங்களுக்குத் தெளிவு இல்லை. கவச உடைகளும் கிடைக்கவில்லை. பல் மருத்துவர்களுக்கென்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் விரிவான வழிகாட்டுதல் வந்ததே மே 19-இல்தான். அதற்குள் ஏறக்குறைய இரண்டு மாதம் ஓடிவிட்டது. பல் கிளினிக் என்ற முதல், சின்னக் கதவு பூட்டிக் கிடந்த மாதங்கள் அவை.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. இங்கிலாந்திலும் மார்ச் 25 முதல் வழக்கமான பல் சிகிச்சை நின்று, ஜூன் 8-இல்தான் திரும்பத் தொடங்கியது. இடைக்காலத்தில் பல் மருத்துவர்கள் போனில் அறிவுரை, வலி மாத்திரை, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக் என்று சமாளித்தார்கள். அந்த ஏப்ரல் முதல் ஜூலை வரை அங்கே பல் மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக், முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிடச் சுமார் கால்பங்கு கூடியது. நான் சித்திக்குச் செய்ததைத்தான் ஒரு நாடே செய்திருக்கிறது. மடையைத் திறக்க முடியாதபோது எல்லோரும் கரைக்கு மண் போட்டோம்.

இரண்டாவது கதவு, சாலை. அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு நாற்பது கிலோமீட்டருக்குள்தான். பஸ் இல்லாவிட்டால் அதுவே தூரம். மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து மலையிறங்க பஸ்ஸை நம்பியிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு இ-பாஸ் வேண்டும். தென்காசி தனி மாவட்டமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. நேற்று வரை ஒரே மாவட்டமாக இருந்த ஊர்களுக்கு நடுவே செக்போஸ்ட் வந்து நின்றது. இதற்கெல்லாம் மேல் பயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும், காய்ச்சல் என்று சொன்னால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். பல் சீழுக்கும் காய்ச்சல் வரும், தொண்டை வலிக்கும், விழுங்க முடியாது. அதனாலேயே பலர் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்தவர்களின் வீக்கத்தை முகக்கவசம் மறைத்தது.

வீட்டில் என்ன செய்வார்கள்? மருந்துக் கடையில் ஒரு செட் மாத்திரை. வெந்நீர் ஒத்தடம். வெளிக்கன்னத்தில் சூடு கொடுத்தால் ரத்த ஓட்டம் கூடி வீக்கமும் கூடலாம், அதை நாங்கள் வேண்டாம் என்போம். குழந்தைகளுக்குத் தாடை வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று சொல்லித் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. உண்மையான பொன்னுக்கு வீங்கி ஒரு வைரஸ் நோய், சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் பெரும்பாலும் தானாக வடியும். பல் சீழ் வடியாது. இரண்டையும் வீட்டில் இருந்தபடி பிரித்துச் சொல்வது கடினம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: வீக்கத்துக்கு நேரே உள்ளே சொத்தைப் பல் இருக்கிறதா?

சர்க்கரை நோயையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும். அதே தொற்று இன்னும் வேகமாகப் பரவும். ஊரடங்கில் பரிசோதனைக்குப் போகாதவர்கள், மாத்திரை தீர்ந்துபோனவர்கள் எத்தனையோ பேர். வீட்டு வாசலிலேயே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல்தான் தொடங்கியது. பீடி சுற்றிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் சித்திக்குச் சர்க்கரை இருப்பதே அன்று ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மூன்றாவது, பெரியாஸ்பத்திரி என்ற பெரிய கதவு. சித்தி வந்து சேர்ந்தபோது வாய் திறந்து ஒரு விரல்கூட நுழையவில்லை. நல்ல வாயில் தன் கையின் மூன்று விரல்களை அடுக்கி நுழைக்க முடியும். இப்படிப்பட்ட நோயாளிக்கு மயக்க மருந்து கொடுப்பதே மலைப்பான வேலை. வாய் வழியாகக் குழாய் இறங்காது. மயக்கிவிட்டால் தசை தளர்ந்து இருக்கிற மூச்சும் அடைபடலாம். அதனால் நோயாளி விழித்திருக்கும்போதே, கேமரா பொருத்திய மெல்லிய குழாயை மூக்கு வழியாக மூச்சுக்குழலுக்குள் இறக்குவார்கள். அதுவும் முடியாவிட்டால் கழுத்தில் துளையிட வேண்டும். இரண்டிலும் நோயாளி இருமுவார், சாரல் மருத்துவரின் முகத்துக்கு நேரே வரும். கொரோனா பரிசோதனை முடிவு வர மறுநாள் ஆகும். சித்திக்கு அதற்கு நேரம் இல்லை. தொற்று இருப்பதாகவே எடுத்துக்கொண்டு தலை முதல் கால் வரை கவச உடை போட்டு உள்ளே போனார்கள். வெளியே வந்த மயக்கவியல் மருத்துவரின் கண்ணாடிக்குள் வேர்வை குளமாக நின்றதை நான் பார்த்தேன். தாடைக்குக் கீழே இரண்டு இடத்தில் கீறி, சீழை வடித்து, ரப்பர் வடிகால் வைத்து, அந்தக் கடைவாய்ப் பல்லையும் எடுத்தார்கள். இரண்டு இரவு ஐசியூ. பதினோரு நாள் வார்டு. நான்கு நாள் முன்னால் கால்மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

அந்த ஐசியூ கட்டிலும், மயக்கவியல் மருத்துவரும், ஆக்சிஜனும் கொரோனா நோயாளிக்கும் வேண்டும். 2021 மே மாதம் ஆக்சிஜனுக்கு எவ்வளவு தட்டுப்பாடு வந்ததென்றால், ராக்கெட் எந்திரங்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்திலிருந்தே திரவ ஆக்சிஜன் டேங்கர் லாரிகளில் மருத்துவமனைகளுக்குப் போனது. முகத்து வீக்கத்தோடு வந்து நின்ற ஒருவர் எந்த வரிசையில் போட்டி போட வேண்டியிருந்தது என்பதை அதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

எண்ணிக்கை குறைந்ததை எப்படிப் படிப்பது

ஊரடங்குக் காலத்தில் பல இடங்களில் முகத் தொற்றுக்காக மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை குறைந்தது. வந்தவர்களில் பலர் முற்றிய நிலையில் வந்தார்கள். இந்த இரண்டும் முரண் போலத் தோன்றும். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சாதாரண மாதத்தில் ஒரு மருத்துவமனைக்கு 100 பேர் பல் வீக்கத்தோடு வருகிறார்கள், 5 பேரைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஊரடங்கு மாதத்தில் 30 பேர்தான் வருகிறார்கள், 9 பேரைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பதிவேட்டின் மொத்தத்தை மட்டும் பார்க்கிறவர், பல் நோய் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போய்விட்டது என்பார். வார்டில் நிற்கும் செவிலியர், வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. வராமல் போன 70 பேரின் பல் சொத்தை எங்கும் போய்விடவில்லை. அவர்களில் சிலர் சீழோடு பின்னால் வருவார்கள்.

சாலை விபத்தில் தாடை உடைவதோடு இதை ஒப்பிடலாம். வண்டிகள் ஓடாதபோது விபத்து உண்மையாகவே குறையும். அங்கே எண்ணிக்கை குறைந்தால் காயமும் குறைந்தது என்று பொருள். தொற்றில் அப்படி இல்லை.

கருப்புப் பூஞ்சை வந்தபோது

மேலே சொன்னதெல்லாம் சிகிச்சைக்கு வர முடியாமல் போனதால் வந்த கேடு. 2021-இல் இரண்டாம் அலையின்போது பெருந்தொற்றே நேரடியாக ஒரு முகத் தொற்றைக் கொண்டுவந்தது. மியூகோர்மைகோசிஸ், நாம் கருப்புப் பூஞ்சை என்று சொன்னது. அந்தப் பூஞ்சையின் வித்துகள் மண்ணிலும் மட்கிய குப்பையிலும் காற்றிலும் எப்போதும் இருப்பவை. ஆளுக்கு ஆள் தொற்றாது. கட்டுப்படாத சர்க்கரை, கொரோனாவுக்கு அளவுக்கு மேல் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு, தளர்ந்த எதிர்ப்புச் சக்தி மூன்றும் சேர்ந்தபோது அது மூக்கிலும் மேல்தாடையிலும் வேர் பிடித்தது. ரத்தக் குழாய்க்குள் வளர்ந்து அதை அடைத்துவிடும், ரத்தம் போகாத சதையும் எலும்பும் கருத்துச் சாகும். தமிழ்நாடு அரசு அதை 2021 மே 20 அன்று, கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஜூலைக்குள் நாட்டில் 45,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அது வந்திருந்தது. ஆம்போடெரிசின் பி என்ற மருந்துக்கு அலைந்த குடும்பங்களை மறக்க முடியாது.

அந்த மாதங்களில் பல் மருத்துவர்கள் புதிதாக ஒன்றைக் கற்றோம். கொரோனா தேறி வீட்டுக்குப் போனவர் இரண்டு வாரம் கழித்து, ‘மேல்வரிசையில் நாலைந்து பல் ஒரே நேரத்தில் ஆடுகிறது’ என்று வருவார். பல்லில் சொத்தை இருக்காது. கன்னத்தில் மரமரப்பு, ஒரு பக்க மூக்கடைப்பு. அண்ணத்தைப் பார்த்தால் நிறம் மாறியிருக்கும். முன்பானால் ஈறு நோய் என்று நினைத்திருப்போம். அந்த நேரத்தில் ஒரு வாரத் தாமதம் கண்ணை எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். மருந்து மட்டும் போதாமல் செத்த மேல்தாடை எலும்பை அகற்ற வேண்டியிருந்தவர்கள் பலர். அவர்களுக்குச் சாப்பிடவும் பேசவும் செயற்கை அண்ணம் செய்து பொருத்தும் வேலை அலை ஓய்ந்த பிறகும் நீண்ட காலம் தொடர்ந்தது.

இனி இப்படி ஒரு காலம் வந்தால் தாலுகா மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஒரு பல் நாற்காலியாவது, கொறடும் கீறும் கத்தியும் போதுமான கவச உடையும் வைத்து, மூடாமல் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு ஐசியூ கட்டிலைக் காலியாக வைத்திருக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

பெருந்தொற்று இல்லாத நாளிலும் என்னிடம் கேட்கிறார்கள், ராத்திரி பத்து மணிக்கு வீங்கினால் என்ன செய்வது என்று. கன்னம் மட்டும் வீங்கி, வாய் மூன்று விரல் அளவு திறந்து, சாப்பிடவும் முடிந்தால் காலையில் பல் மருத்துவரிடம் போகலாம். வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, குரல் மாறிவிட்டது, நாவுக்கு அடியில் விறைப்பாக இருக்கிறது, வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்குகிறது, கண் மூடிக்கொள்கிறது என்பவற்றில் எது இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், நோயாளியை உட்கார்ந்தபடியே கொண்டுபோங்கள். எத்தனை நாளாகப் பல்வலி, என்ன மாத்திரை போட்டது, சர்க்கரை உண்டா என்ற மூன்றையும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.